மறதிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மனச்சோர்வு!

முதலில் ஒரு சின்ன விளையாட்டு. வீட்டில் இருக்கும் யாரையாவது கூப்பிட்டு, 1 முதல் 9 வரையிலான எண்களைக் கலைத்துப் போட்டு, மூன்று நொடிக்கு ஒன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். கடைசியாகக் காதில் விழுந்த எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணையும் கூட்டி நீங்கள் விடை சொல்ல வேண்டும். ‘3... 5’ என்று வந்தால் ‘8’. அடுத்து ‘2’ வந்தால், ஐந்தும் இரண்டும் சேர்ந்து ‘7’. அதற்கடுத்து ‘8’ வந்தால் ‘10’. அவ்வளவுதான்.

இரண்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால், பத்து எண்ணைத் தாண்டுவதற்குள் பலரும் தடுமாறிவிடுவார்கள். வாய் ஒரு விடையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காது அடுத்த எண்ணைப் பிடிக்க வேண்டும். சொன்ன விடையை உடனே மறக்க வேண்டும். கேட்ட எண்ணை மறக்கக் கூடாது. ‘7’ என்று சொன்ன வாய், அடுத்து வரும் 8-ஐ அந்த ஏழோடு கூட்டி ‘15’ என்று சொல்லத் துடிக்கும். ஒரு முறை விட்டுவிட்டால் மறுபடி ஓடும் பஸ்ஸில் ஏறுவதுபோல ஏறிக்கொள்ள வேண்டும். பொறியியல் படித்தவர்கள்கூட நெற்றியைத் துடைத்துக்கொள்வார்கள்.

இதற்கு மருத்துவமனைகளில் ‘பாசாட்’ என்று பெயர். கேட்டதைக் கேட்ட வேகத்தில் மூளை கையாள்கிறதா என்று பார்க்கும் சோதனை. இது பிறந்த கதையில் இருந்துதான் இந்த வார விஷயம் தொடங்குகிறது.

ஆக்லாந்தில் ஆரம்பித்தது

1970-கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம். விபத்திலோ விளையாட்டிலோ தலையில் அடிபட்டு, கொஞ்ச நேரம் கலங்கிப்போய், பிறகு தெளிந்து எழுந்து உட்காருபவர்களை டாக்டர்கள் ‘கன்கஷன்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தமிழில் மூளை அதிர்ச்சி என்று சொல்லலாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. பேச்சு, நடை எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் வேலைக்குத் திரும்பினால், பழக்கப்பட்ட வேலையே பிடிபடாது. ‘சோம்பேறித்தனம்’ என்பார் மேலாளர். ‘நஷ்டஈடு வாங்க நடிக்கிறான்’ என்பார் இன்னொருவர்.

டோரதி கிரான்வால் என்ற உளவியலாளருக்கு அது நடிப்பாகத் தோன்றவில்லை. அவர் இந்தக் கூட்டல் சோதனையைக் கொடுத்துப் பார்த்தார். அடிபட்டவர்களின் மூளை உண்மையிலேயே மெதுவாகத்தான் வேலை செய்தது. நாள்கள் போகப்போக மதிப்பெண் ஏறியது. ‘இவர் இப்போது வேலைக்குப் போகலாமா?’ என்ற கேள்விக்கு முதன்முறையாக ஓர் எண் கிடைத்தது. அவரும் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் பிலிப் ரைட்சனும் இதை 1974-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டே இன்னொரு கட்டுரை: இரண்டாவது முறை அடிபட்டவர்களுக்குத் தேறுவதற்குக் கூடுதல் காலம் ஆகிறது என்று.

தலையில் அடிபட்டவர்களுக்காகச் செய்த சோதனை, கொஞ்ச வருடங்களில் தலையில் அடியே படாத ஒரு நோய்க்கு வந்து சேர்ந்தது. அந்த நோய், மல்டிபிள் ஸ்கெலரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ்.

‘பார்த்தால் நல்லாத்தானே இருக்கே!’

நம் உடலின் நரம்புகள் மின்சார வயர் மாதிரி. மேலே ஓர் உறை உண்டு, பெயர் மயலின். உறை நன்றாக இருந்தால் செய்தி வேகமாக ஓடும். நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே தவறாகப் போய் மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். உறை சிதைந்த இடத்தில் தழும்பு விழுகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். 2020-ல் வெளியான கணக்குப்படி உலகம் முழுக்க சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது.

ஒரு கண்ணில் பார்வை மங்குவது, கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது... இவையெல்லாம் வெளியே தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. பாரிஸின் சால்பெத்ரியே மருத்துவமனையில் 1868-ல் இந்த நோயைத் தெளிவாக விவரித்த ழான் மார்ட்டின் ஷார்கோ, நோயாளிகளின் ஞாபகம் பலவீனமாவதையும் சிந்தனை மெதுவாக உருவாவதையும் அப்போதே குறித்துவைத்தார். ஆனாலும் அவருக்குப் பிறகு வந்த மருத்துவ உலகம் அதை ஏறக்குறைய நூறு வருடம் மறந்தேபோனது. ஞாபகமறதி பற்றிய ஒரு குறிப்பையே மறந்தது, விசித்திரம்தான்!

மறுபடி ஞாபகப்படுத்தியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த ஸ்டீபன் ராவ். 100 எம்.எஸ் நோயாளிகளையும் நோயில்லாத 100 பேரையும் ஒப்பிட்டு 1991-ல் அவர் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளில் 43 சதவிகிதம் பேருக்கு ஞாபகம், கவனம், சிந்தனை வேகம் போன்றவற்றில் குறைபாடு இருந்தது. கிரான்வாலின் கூட்டல் சோதனையைக் கொஞ்சம் மெதுவாக்கி எம்.எஸ்ஸுக்கு ஏற்றபடி மாற்றியதும் அவர்தான். பிறகு எம்.எஸ் மருந்துகளின் பரிசோதனைகளில் மூன்று பகுதிச் சோதனை ஒன்று நிலைபெற்றது. 25 அடி தூரத்தை நடந்து கடக்க வேண்டும், ஒன்பது துளைகளில் சின்னக் குச்சிகளைச் செருகி எடுக்க வேண்டும், மூன்றாவதாக, பாசாட். கால், கை, மூளை.

இந்த இடத்தில்தான் ஒரு சிக்கல். நோயாளி குறைவான மதிப்பெண் எடுக்கிறார். உடனே ‘மூளைத் தழும்பு செய்த வேலை’ என்று எழுதிவிடலாமா?

ஆர்னட் கேட்ட கேள்வி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர் பீட்டர் ஆர்னட். நியூரோசைக்காலஜிஸ்ட், அதாவது, மூளைக்கு வரும் பாதிப்பு மனிதரின் நினைவிலும் குணத்திலும் நடத்தையிலும் எப்படித் தெரிகிறது என்று அளந்து பார்ப்பவர். எம்.எஸ், விளையாட்டில் வரும் கன்கஷன் என்று சம்பந்தமே இல்லாததுபோலத் தெரியும் இரண்டு துறைகளில் அவருடைய ஆய்வுகள் போகின்றன. இரண்டையும் இணைக்கும் கயிறு, மனச்சோர்வு.

எம்.எஸ் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள். ‘இப்படி ஒரு நோய் வந்தால் சோர்வு வராதா பின்னே?’ என்று கேட்கத் தோன்றும். அந்த ‘பின்னே’தான் ஆபத்து. இயல்புதானே என்று எல்லோரும் நினைத்துக்கொள்வதால் பலருக்கு அதற்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை.

ஆர்னட் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வுகளில் மனச்சோர்வு உள்ள எம்.எஸ் நோயாளிகளையும், மனச்சோர்வு இல்லாத எம்.எஸ் நோயாளிகளையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தார்கள். சில சொற்களைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லும் எளிய சோதனையில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வாக்கியங்களைப் புரிந்துகொண்டே, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் மனதில் சேர்த்துவைக்கச் சொன்னபோது, மனச்சோர்வு உள்ளவர்கள் பின்தங்கினார்கள். வேகமும் முயற்சியும் அதிகம் கேட்கிற வேலைகளிலும் அப்படித்தான்.

இதை வீட்டுக் கணக்காகப் பார்த்தால் சுலபமாகப் புரியும். மூளையிடம் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு கையிருப்பு இருக்கிறது. எம்.எஸ் அதில் ஒரு பங்கை எடுத்துவிடுகிறது. மிச்சத்தை ‘இனி என்ன ஆகும்... பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்... எல்லோருக்கும் பாரமாகிவிட்டேனே’ என்ற ஓயாத எண்ணம் தின்கிறது. போன் நம்பரைத் திருப்பிச் சொல்வதற்கு மிச்சம் போதும். ஒரே நேரத்தில் குழம்பைப் பார்த்துக்கொண்டு, வாசலில் நிற்பவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்து, பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்வதற்குப் போதாது.

கோழி முதலா, முட்டை முதலா என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. மனச்சோர்வால் யோசனை மந்தமாகிறதா? யோசனை மந்தமானதை உணர்ந்துதான் மனம் சோர்கிறதா? அல்லது ஒரே தழும்பு இரண்டையும் செய்கிறதா? மூன்றுக்கும் இடமிருக்கிறது. ஆளுக்கு ஆள் மாறுபடும். 2008-ல் ஆர்னட் தன் சகாக்களோடு சேர்ந்து ஒரு வரைபடம் மாதிரி இதை விளக்கினார். களைப்பு, வலி, நடக்க முடியாமை, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை மனச்சோர்வை நோக்கித் தள்ளுகின்றன. ஆனால், எல்லோரையும் ஒரே மாதிரி தள்ளுவதில்லை. சுற்றி இருப்பவர்களின் ஆதரவு, அன்றாட நெருக்கடி, நோயைப் பற்றியும் தன்னைப் பற்றியும் ஒருவர் வைத்திருக்கும் எண்ணம், சமாளிக்கும் விதம் ஆகிய நான்கும் அந்தத் தள்ளலைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன.

கடைசியாகச் சொன்ன ‘சமாளிக்கும் விதம்’ கவனிக்க வேண்டியது. நினைவுத் தடுமாற்றம் இருந்தும், அதற்கு ஒரு வழி தேடியவர்கள் அவ்வளவாகச் சோர்ந்துபோகவில்லை என்று அவருடைய குழுவின் 2002-ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. தடுமாற்றத்தோடு, பிரச்னையைப் பார்க்காமல் ஒதுங்கும் பழக்கமும் சேர்ந்தவர்களுக்குத்தான் மனச்சோர்வு அதிகம். வழி தேடுவது என்றால் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. மாத்திரைக்கு மொபைலில் அலாரம் வைப்பது, கடைக்குப் போகும்முன் எழுதிக்கொள்வது, கடினமான வேலையைக் களைப்பில்லாத காலை நேரத்துக்கு மாற்றுவது, ‘எனக்கு மெதுவாகச் சொல்லுங்கள்’ என்று வெட்கப்படாமல் கேட்பது. ‘உனக்கு ஒண்ணுமில்ல, மனசைத் தைரியமா வெச்சுக்கோ’ என்று உறவினர்கள் சொல்வது இந்தப் பட்டியலில் வராது.

இதைக் கண்டுபிடிப்பதும் சுலபமில்லை. களைப்பு, தூக்கக் கோளாறு, கவனச் சிதறல் மூன்றும் எம்.எஸ்ஸிலும் உண்டு, மனச்சோர்விலும் உண்டு. நரம்பியல் டாக்டர் ‘எம்.எஸ் களைப்பு’ என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடலாம். அதனால்தான் உடல் சார்ந்த அறிகுறிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, நம்பிக்கையின்மை, குற்ற உணர்வு, எதிலும் நாட்டமின்மை ஆகியவற்றைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறார்கள் நியூரோசைக்காலஜிஸ்டுகள்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம், விழுந்த தழும்பை அழிக்க இன்று வழியில்லை. மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது. மாத்திரை உண்டு, பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு. கிளினிக்குக்கு நடந்து வர முடியாதவர்களுக்குப் போனிலேயே கொடுத்தால் என்ன என்று யோசித்தார் அமெரிக்க உளவியலாளர் டேவிட் மோர். 127 எம்.எஸ் நோயாளிகளுக்கு 16 வாரம், வாரம் ஒரு முறை, போனிலேயே சிகிச்சை. 2005-ல் முடிவு வெளியானது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் முறை, மனம்விட்டுப் பேசவைக்கும் முறை என்று இரண்டு குழுக்கள். இரண்டிலுமே மனச்சோர்வு குறைந்தது. முதல் முறையில் இன்னும் நன்றாகக் குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசம் மறைந்திருந்தது. கிடைத்த பலன் மட்டும் நிலைத்திருந்தது.

மைதானத்திலும் அதே கேள்வி

ஆர்னட்டின் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஃபுட்பால் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் உட்காரலாம். நம் கால்பந்து அல்ல. ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதும் அமெரிக்க ஃபுட்பால். கன்கஷனுக்குக் கேட்கவா வேண்டும்?

தலையில் அடிபடும்போது மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குகிறது. நரம்பு செல்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே வழிகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு ஏகப்பட்ட சக்தி தேவைப்படும் நேரத்தில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. வீட்டில் எல்லா ஃபேனும் ஓடும்போது வோல்டேஜ் இறங்கியதுபோல. இது ஸ்கேனில் தெரியாது. அதனால் விர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி பார்த் 1980-களில் ஒரு வழி கண்டார். சீசன் தொடங்கும் முன்பே வீரர்களுக்கு மூளைச் சோதனை; அடிபட்டால் மறுபடியும் அதே சோதனை. 10 பல்கலைக்கழகங்கள், 2,350 வீரர்கள். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், நேற்றைய அவரோடு இன்றைய அவரை ஒப்பிடுவது. பெரும்பாலானோர் ஐந்து முதல் பத்து நாள்களில் பழைய நிலைக்கு வந்துவிட்டார்கள்.

நல்ல யோசனைதான். ஆனால், ‘நேற்றைய அவர்’ எப்படி இருந்தார் என்பதில் மறுபடி மனச்சோர்வு குறுக்கே வருகிறது. சீசனுக்கு முன்பே மனம் சோர்ந்திருந்த ஒரு மாணவரின் முதல் மதிப்பெண்ணே தாழ்வாக இருந்தால், அடிபட்ட பின்பு எடுக்கும் மதிப்பெண்ணில் இறக்கமே தெரியாது. ‘சரியாகத்தானே இருக்கிறான்’ என்று மைதானத்தில் இறக்கிவிடலாம். மாறாக, மூளை தேறிய பின்பும் ‘டீமை விட்டு உட்கார வைத்துவிட்டார்களே’ என்ற சோர்வில் மதிப்பெண் ஏறாமல் இருக்கலாம். இவை போதாதென்று வேண்டுமென்றே முதல் சோதனையைச் சொதப்பும் கில்லாடிகளும் உண்டு. பிற்பாடு அடிபட்டாலும் தெரியக்கூடாதாம்!

ஆர்னட் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வில், கன்கஷன் ஆன கல்லூரி விளையாட்டு வீரர்கள் 84 பேரில் 20 சதவிகிதத்தினருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தன. அடிபடாத ஒப்பீட்டுக் குழுவில் 5 சதவிகிதம்தான். ஏற்கெனவே கொஞ்சம் சோர்ந்திருந்தவர்களுக்கே அடிபட்ட பின்பும் சோர்வு அதிகமாக இருந்தது. அதாவது, அடிபடுவதற்கு முன்பே மனநிலையைக் கேட்டு வைத்திருந்தால், யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு 2019 லார்ட்ஸ் டெஸ்ட் ஞாபகம் இருக்கும். ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பாய்ந்தது. சோதித்தார்கள், தேறினார், திரும்பி வந்து பேட் பிடித்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும். அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். டெஸ்ட் வரலாற்றில் முதல் கன்கஷன் மாற்று வீரர். அந்த விதி அமலுக்கு வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அறிகுறிகள் தாமதமாக வரலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய மேடையில் ஓர் உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஸ்கூட்டியில் இருந்து விழுந்த பெண்ணுக்கும், பாத்ரூமில் வழுக்கிய தாத்தாவுக்கும் இதே மூளைதான். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், எழுப்பினாலும் எழாத தூக்கம்... இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் என்றால், அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது. மற்றவர்களுக்கு ‘இருட்டு அறையில் வாரக்கணக்கில் படு’ என்ற பழைய அறிவுரை மாறிவிட்டது. முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, பிறகு மெல்ல நடை என்று தொடங்கச் சொல்கிறது இன்றைய சர்வதேச வழிகாட்டுதல். பல நாள் முடங்கிக் கிடப்பது மனச்சோர்வுக்கும் கதவைத் திறந்துவிடுகிறது.

பாசாட்டுக்கு இப்போது மெல்ல ஓய்வு கொடுத்துவருகிறார்கள். பதற்றப்படுத்துகிறது என்று நோயாளிகளுக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. மேலே அந்த விளையாட்டை ஆடிப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். குறியீடுகளுக்கு உரிய எண்ணைச் சொல்லும் 90 நொடிச் சோதனை ஒன்று எம்.எஸ் கிளினிக்குகளில் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது அதைச் செய்யச் சொல்லி, அதோடு மனநிலையையும் கேட்கச் சொல்கிறார்கள் நிபுணர்கள். கேட்பதற்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. ‘கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா? வழக்கமாகப் பிடித்த விஷயங்களில்கூட நாட்டம் இல்லாமல் போனதா?’ என்று இரண்டே கேள்விகள். ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தாலும், அடுத்த முறை நரம்பியல் டாக்டரைப் பார்க்கும்போது மறதியைச் சொல்வதற்கு முன்பு இதைச் சொல்லிவிடலாம்.